வாயில்லாப் பூச்சி

எதிர்த்துப் பேசத் தெரியாதவரை ‘வாயில்லாப் பூச்சி’ என்போம். அட்லஸ் அந்துப்பூச்சிக்கு அது நிஜமாகவே பொருந்தும். இறக்கையை விரித்தால் 24 சென்டிமீட்டர் வரை வரும் இந்தப் பூச்சிக்குச் சாப்பிட வாய் கிடையாது. உறிஞ்சுகுழல் சிறுத்துப்போய் வேலைக்கு ஆகாமல் கிடக்கிறது. கூட்டை விட்டு வந்த நாள் முதல் ஒரு சொட்டுத் தேன்கூடக் குடிப்பதில்லை.

அப்புறம் பறக்கத் தெம்பு? எல்லாம் புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்புதான். கொய்யா, எலுமிச்சை, இலவங்கப்பட்டை என்று பல மரங்களின் இலைகளைத் தின்று தீர்க்கிற அந்தப் புழு, 11 சென்டிமீட்டருக்கு மேல்கூட வளரும். உடம்பெங்கும் வெள்ளை மெழுகுத் தூள். மாவில் புரட்டி எடுத்ததுபோல் இருக்கும். சீண்டினால் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும்.

வயிறு நிறைந்ததும் இலையைச் சுருட்டி, உள்ளே பழுப்பு நிறப் பட்டுக்கூடு கட்டும். இலை உதிர்ந்துவிடாமல் காம்பையும் கிளையோடு சேர்த்துப் பட்டிழையால் கட்டிவைக்கிற முன்யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துப் பூச்சி வெளியே வரும்போது இறக்கைகள் நனைந்த துணிபோல் கசங்கியிருக்கும். கிளையில் தொங்கியபடி, உடலின் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தச் செலுத்த, மடிப்புகள் ஒவ்வொன்றாக விரியும். செம்பழுப்பு நிறத்தின் நடுவே கண்ணாடிபோன்ற முக்கோணங்கள் தெரியும். அங்கே மட்டும் செதில்கள் இல்லை. முன்னிறக்கை நுனியோ பாம்புத் தலையேதான்! தொந்தரவு செய்தால் தரையில் விழுந்து இறக்கையை மெல்ல அசைக்கும். பாம்பு தலையாட்டுவதுபோல் இருக்கும்.

இனி எஞ்சியிருப்பது ஒன்றிரண்டு வாரம். பெண் பூச்சி அலைவதே இல்லை. கூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வயிற்று நுனியிலிருந்து ஒரு மணத்தைக் காற்றில் விடும். தேடி வருவது ஆணின் பாடு. அதன் உணர்கொம்புகள் இறகுபோல் அகன்றவை. காற்றில் மிதக்கும் மணத் துகள்களை அவை சல்லடைபோல் வடிகட்டிப் பிடிக்கும்.

பகலெல்லாம் அசையாமல் கிடப்பது சோம்பல் அல்ல, சிக்கனம். இரவில் விளக்கைச் சுற்றத் தொடங்கிவிட்டால்தான் சிக்கல். விடியும்வரை சிறகடித்துக் கையிருப்பைக் கரைத்துவிடும். திரும்ப நிரப்ப வழியில்லை. இணை சேர்ந்த பெண், முட்டைகளை இலைகளின் அடியில் ஒட்டிவைக்கும். அந்த வேலை முடிந்ததும் அதற்கு அதிக நாள் இல்லை. சுமார் இரண்டு வாரத்தில் அந்த முட்டைகளிலிருந்து வரும் புழுக்களுக்கு வாய் உண்டு; வந்த கையோடு தின்னத் தொடங்கிவிடும்.