மூன்று பல் சீப்பும் கணிதத்தின் புணர்ச்சி விதியும்

எண் கோட்பாட்டில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் சென்ற வாரம் ஒரு படத்தை அனுப்பிக் கேட்டிருந்தார்: "சார், நீள்வட்ட வளைவரைகள் பற்றிய பாடக்குறிப்பில் நம்ம 'ய' மாதிரியே ஒரு குறி வருது. பேர் தெரிஞ்சாத்தானே தேட முடியும்? லாடெக்கில் இதை எப்படிப் போடுறது?" (கணிதக் கட்டுரைகளை அச்சுக்கோக்கும் மென்பொருள்தான் லாடெக்.) அந்தக் குறி தமிழ் எழுத்தேதான், ஆதியில் நம்மிடமிருந்து போனதுதான் என்று அறைத்தோழி அடித்துச் சொல்கிறாராம்.

முதலில் தோழிக்குப் பதில். அது ரஷ்ய மொழியின் 'ஷா' என்ற எழுத்து. மூன்று செங்குத்துக் கோடுகள், அடியில் அவற்றை இணைக்கும் ஒரு படுக்கைக் கோடு. இகோர் ஷஃபரேவிச் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் பெயரின் முதலெழுத்து. நீள்வட்ட வளைவரைகளோடு தொடர்புடைய டேட்–ஷஃபரேவிச் குலம் என்ற இயற்கணித அமைப்புக்கு அதைக் குறியாக வைத்தவர் கணிதவியலாளர் காசல்ஸ். பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்ட பர்ச்–ஸ்வின்னர்ட்டன்-டையர் ஊகத்தின் வாய்பாட்டில் இந்தக் குலத்தின் அளவு வருகிறது. அது எப்போதும் முடிவுறு குலம்தானா என்பதையே இன்னும் யாரும் நிறுவவில்லை. இரண்டு எழுத்துகள் பார்க்க ஒன்றுபோல இருப்பதை வைத்து உறவு கொண்டாடுவது, உள்ளங்கை ரேகையை வைத்து ஆயுள் சொல்வதைப் போன்றது. தமிழின் பெருமைக்கு அது தேவையும் இல்லை.

இனி, பெயர் தெரியாத குறியைத் தேடுவது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. டீடெக்ஸிஃபை போன்ற கருவிகளில் குறியை விரலாலோ மவுஸாலோ வரைந்து காட்டலாம். நீங்கள் இழுத்த பாதையைக் கருவி புள்ளிகளின் வரிசையாக எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் முன்பே வரைந்து கொடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டு, நெருங்கி வருபவற்றின் கட்டளைப் பெயரைக் காட்டும். அங்கே சிக்காவிட்டால் லாடெக் குறிகளின் முழுப் பட்டியல் இருக்கிறது. நானூறு பக்கங்களுக்கும் மேல், பத்தாயிரத்துக்கும் அதிகமான குறிகள். பொறுமையாகப் புரட்டினால் கிடைக்காதது குறைவு.

ஆனால் உருவம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இதே மூன்று பல் உருவத்துக்குக் கணிதத்தில் வேறு வேலைகளும் இருக்கின்றன. சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல இரண்டு சொற்களின் எழுத்துகளை வரிசை மாறாமல் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் 'கலைப்புப் பெருக்கல்' இதைத்தான் பயன்படுத்துகிறது. சிக்னல் பகுப்பாய்வில் சம இடைவெளியில் துடிப்புகள் நிற்கும் டிராக் சீப்புக்கும் இதே குறிதான். உருவம் ஒன்றுதான், ஆனால் அச்சில் எல்லா இடத்திலும் ஒரேபோல நிற்கக் கூடாது. ஏன் என்பதில்தான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இருக்கிறது.

கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் தரத்தைப் பார்த்து மனம் வெறுத்து, 1977இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் கட்டியதுதான் லாடெக். இந்தக் கதை பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, டெக் ஒரு குறியை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது.

பழைய டெக்கில் ஒவ்வொரு கணிதக் குறியும் நான்கு இலக்கம் கொண்ட ஒரு பதினாறடிமான எண் (0 முதல் 9 வரையும், பிறகு A முதல் F வரையும் இலக்கங்கள்). பெருக்கல் குறிக்கு 2202. கணத்தின் உறுப்பு என்பதைக் காட்டும் குறிக்கு 3232. கூட்டுத்தொகைக் குறிக்கு 1350. முடிவிலிக்கு 0231. கடைசி இரண்டு இலக்கங்கள் எழுத்துருவுக்குள் குறி உட்கார்ந்திருக்கும் இடம். இரண்டாம் இலக்கம் எந்த எழுத்துரு என்பது. முதல் இலக்கம்தான் உயிர்நாடி: அது அந்தக் குறியின் இனம். 0 என்றால் சாதாரண உரு, நம் பெயர்ச்சொல் மாதிரி. 1 என்றால் கூட்டுத்தொகை, தொகையீடு போன்ற பெரிய செயலி. 2 என்றால் கூட்டல், கழித்தல் போல இரண்டுக்கு நடுவில் நிற்பது. 3 என்றால் சமம், சிறிது, பெரிது போன்ற உறவு. 4 திறக்கும் அடைப்பு, 5 மூடும் அடைப்பு, 6 நிறுத்தக்குறி.

இப்போது டெக்கிடம் ஒரு சமன்பாட்டைக் கொடுத்தால் நடப்பது அப்படியே புணர்ச்சி இலக்கணம். நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் பார்த்து நடுவில் என்ன நேரும் என்று நன்னூல் சொல்கிறதல்லவா? டெக்கும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறிகளின் இனத்தை மட்டும் பார்க்கிறது. மேலே சொன்ன ஏழு இனங்களோடு, அளவு தானாக மாறும் அடைப்புக்குள் நிற்கும் கோவைக்கான இனத்தையும் சேர்த்து, எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையில் தேடி, நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று முடிவு செய்கிறது. பெயருக்குப் பக்கத்தில் பெயர் வந்தால் இடமே இல்லை, அது இயல்புப் புணர்ச்சி. நடுச்செயலி வந்தால் எழுத்துருவின் அளவில் பதினெட்டில் நான்கு பங்கு இடம் தோன்றும். உறவுக்குறி வந்தால் பதினெட்டில் ஐந்து பங்கு. பத்துப் புள்ளி எழுத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். ஆனாலும் 5 + 3 = 8 என்பதில் 5 + 3 ஒரு கொத்தாகவும் = அதைப் பிரித்து நிறுத்துவதாகவும் கண்ணுக்குத் தெரிவது அந்த 0.2 மில்லிமீட்டரால்தான்.

தோன்றல் மட்டுமில்லை, திரிதலும் உண்டு. 5 − 3 என்பதில் கழித்தல் குறி நடுச்செயலி. அதே குறி = −3 என்று வரும்போது? அதற்கு முன்னால் நிற்பது உறவுக்குறி. கழிப்பதற்கு இடப்பக்கம் எதுவும் இல்லை. உடனே டெக் அதன் இனத்தை 2இலிருந்து 0க்கு மாற்றிவிடுகிறது. குறி 3ஐ ஒட்டி நின்று எதிர்மறை எண்ணாகிவிடுகிறது. யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெடுதலும் உண்டு: அடுக்குக்குறியிலும் கீழ்க்குறியிலும் நடுச்செயலி, உறவு இரண்டுக்குமான இடைவெளி மறைந்துபோகும். கணிதம் தெரியாத ஒரு நிரல், இடமும் வலமும் மட்டும் பார்த்து இவ்வளவு பக்குவமாக நடந்துகொள்வதை முதன்முதலில் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த விதி தெரியாவிட்டால் எங்கே இடறும் என்பதும் தெரிய வேண்டும். தனி மதிப்புக்கு |−3| என்று விசைப்பலகையில் இருக்கும் செங்குத்துக் கோட்டைப் போட்டால், அந்தக் கோடு இனம் 0. பெயர்ச்சொல்லுக்குப் பின் வந்த கழித்தல் குறி தன்னை நடுச்செயலி என்றே எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் இடம் விட்டு நிற்கும். கோட்டிலிருந்து மூன்றைக் கழித்ததுபோல் இருக்கும். ஏ.எம்.எஸ். (அமெரிக்கக் கணிதக் கழகம்) கணிதத் தொகுப்பில் இருக்கும் 'எல்வெர்ட்', 'ஆர்வெர்ட்' கட்டளைகள் அதே கோட்டைத்தான் போடுகின்றன, ஆனால் இனம் 4, இனம் 5. கழித்தல் உடனே திரிந்து 3ஐ ஒட்டிக்கொள்ளும். அச்சாகி வந்த பல ஆய்வுக்கட்டுரைகளில் இந்தப் பிழையை இன்றும் பார்க்கிறேன்.

நூத் இதே அட்டவணையைக் கொண்டு குறிகளையே கட்டிக்கொண்டார். அவருடைய எழுத்துருக்களில் 128 இடங்கள்தான், எல்லாவற்றையும் அடைக்க முடியாது. உறவுக்குப் பக்கத்தில் உறவு வந்தால் இடைவெளி பூஜ்யம் என்பது விதி. ஆகவே அகலமே இல்லாத ஒரு சாய்கோட்டை உறவு இனத்தில் வைத்தார். அதற்குப் பின் சமக்குறி வந்தால் கோடு அதன்மேல் விழுந்து 'சமமில்லை' ஆகிவிடும். நீண்ட அம்பு என்பது கழித்தல் கோடும் குட்டி அம்பும் சற்றே உள்வாங்கி ஒட்டியது. கொக்கி அம்பு என்பது ஒரு கொக்கியும் அதே அம்பும்.

மாணவியின் சீப்புக்கு வருவோம். குலத்தின் பெயராக வருவதால் அது இனம் 0. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ரஷ்ய எழுத்துருவில் பதினாறடிமான 58ஆம் இடத்தில் அந்த எழுத்து இருக்கிறது. அந்த எழுத்துருவைக் கணிதக் குறி எழுத்துருவாக அறிவித்து, 'ஷா' என்று ஒரு கட்டளையை இனம் 0, இடம் 58 என்று கட்டிவிட்டால் போதும். கலைப்புப் பெருக்கலாக வேண்டுமென்றால் இனம் 2. அதற்குத் தனித் தொகுப்பே இருக்கிறது, யூனிகோடில் 29E2 என்று தனி எண்ணும் உண்டு. படமாக வெட்டி ஒட்டும் யோசனை மட்டும் வேண்டாம். என் ஆய்வேட்டில் ஒரு குறியை அப்படி ஒட்டினேன். கீழ்க்குறியில் மற்ற எழுத்துகள் எல்லாம் சுருங்க, அது மட்டும் பெரிதாகவே நின்றது. மொத்தப் பிரதியையும் மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. எழுத்துரு என்றால் 10, 7, 5 புள்ளி என்று மூன்று அளவுகள் தயாராக இருக்கும். சிறியது பெரியதன் வெறும் சுருக்கமும் இல்லை. சிறிய அளவிலும் படிக்கும்படி கோடுகளின் தடிமனும் அகலமும் தனியாக வரையப்பட்டவை.

இவ்வளவும் இலவசம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நூத்தின் வேலைக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஒரு பகுதி நிதி தந்தது. சில மாத வேலை என்று நினைத்தது பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. உலகின் பெரிய ஆய்விதழ்கள் பலவற்றுக்குச் சென்னையில் அச்சுக்கோப்பு நடக்கிறது, அதில் ஆயிரக்கணக்கானோர் பிழைக்கிறார்கள். ஆனால் தமிழில் கணிதம் எழுத, குறிகளோடு உயரமும் தடிமனும் பொருந்தி நிற்கும் ஓர் எழுத்துருவுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால், அது ஆய்வா என்று கேட்பார்கள். ஆய்வுதான். ஒரு மொழியில் கணிதம் எழுத முடியுமா என்பதைவிட அடிப்படையான கேள்வி என்ன இருக்கிறது?

கடைசியாக மாணவி ஒன்று கேட்டிருந்தார்: உண்மையிலேயே நம் 'ய'வைக் குறியாகப் போட முடியுமா? முடியும். கணிதவியலாளர் காண்டோர் எபிரேய எழுத்தான ஆலெஃப்பை எடுத்தார். வகையக் கோட்பாட்டுக்காரர்கள் சிலர் ஜப்பானியக் கணிதவியலாளர் யொனேடாவின் பெயரால் ஜப்பானிய 'யோ'வை எழுதுகிறார்கள். லாடெக்கின் புதிய வடிவமான லுவாலாடெக்கில் ஒரு தமிழ் எழுத்துருவைக் கணிதத்துக்கு ஏற்றி, இனம் 0, யூனிகோட் 0BAF என்று அறிவித்தால் 'ய' உட்கார்ந்துவிடும். அடுக்கும் ஏறும், கீழ்க்குறியும் தாங்கும். அதற்கு ஒரு பொருள் கொடுக்கும் தேற்றத்தை மட்டும் அவர் எழுத வேண்டும்.