சாய்ந்தால் திரும்பும்: ஸ்கேட்போர்டு ட்ரக் வேலை செய்யும் விதம்

ஸ்கேட்போர்டுக்கு ஹேண்டில்பார் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஏறி நின்று உடம்பை வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் போகிறது, இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம். இந்தச் சாய்வைத் திருப்பமாக மாற்றித் தருபவை, பலகைக்கு அடியில் முன்னும் பின்னுமாகப் பூட்டியிருக்கும் இரண்டு உலோக உருப்படிகள். ட்ரக் என்பது அதற்குப் பெயர். புதிதாக போர்டு வாங்குகிறவர் பலகையில் வரைந்திருக்கும் படத்தைப் பார்ப்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் சக்கரத்தைப் பார்ப்பார். ட்ரக்கைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. அப்படிப் பார்த்தாலும் பளபளக்கும் அலுமினியத்தில்தான் கண் போகுமே தவிர, அதற்குள் செருகியிருக்கும், ரப்பர் போன்ற இரண்டு பாலியூரித்தேன் வளையங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. போர்டின் பாதிக் குணம் அந்த வளையங்களில் இருக்கிறது.

பாகங்கள் அதிகமில்லை. பலகையோடு நான்கு போல்ட்டில் இறுகியிருப்பது பேஸ்பிளேட். சக்கரங்கள் மாட்டும் எஃகு ஆக்ஸிலைத் தனக்குள் பொதிந்து வைத்திருப்பது ஹேங்கர். ஹேங்கரின் மூக்கு, பேஸ்பிளேட்டில் உள்ள குழிக்குள் பிவட் கப் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். ஹேங்கரின் நடுவில் ஒரு வளையம் உண்டு. பேஸ்பிளேட்டிலிருந்து புறப்பட்டு அதன் வழியே வரும் தடித்த போல்ட்தான் கிங்பின். முதலில் சொன்ன பாலியூரித்தேன் வளையங்களுக்குப் பெயர் புஷ். ஹேங்கர் வளையத்துக்கு ஒரு பக்கம் ஒரு புஷ், மறுபக்கம் ஒரு புஷ், வெளிப்புறங்களில் வாஷர், கடைசியில் ஒரு நட்.

போர்டைத் தரையில் வைத்து, வலது விளிம்பை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே சக்கரங்களைக் கவனியுங்கள். வலப்பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று நெருங்கி வரும், இடப்பக்கத்து இரண்டும் விலகும். இதுவரை இணையாக இருந்த இரண்டு ஆக்ஸில்களும் இப்போது வலப்பக்கம் எங்கோ ஒரு புள்ளியைக் குறிவைத்து நிற்கின்றன. போர்டு அந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு வட்டமடிக்கும். ட்ரக்கைத் திசை மாற்றிப் பூட்டிவிட்டால் எல்லாம் தலைகீழாகும். வலப்பக்கம் சாய்ந்தவரின் காலடியிலிருந்து போர்டு இடப்பக்கம் ஓடிவிடும். தானே போர்டு பூட்டுகிறவர், ஏறி நிற்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

இதற்கெல்லாம் காரணம், ஹேங்கர் சுழலும் அச்சு சரிந்திருப்பது. பிவட் கப்பில் உட்காரும் மூக்கையும், புஷ்கள் பிடித்திருக்கும் வளையத்தின் நடுவையும் இணைத்து மனதில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் அச்சு. கிங்பின்தான் அச்சு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது புஷ்களை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் மட்டுமே. இந்தக் கோடு தரைக்கு இணையாகப் படுத்திருந்தால் பலகை சாயும், ஆக்ஸில் திரும்பாது. செங்குத்தாக நின்றால் ஆக்ஸில் திரும்பும், ஆனால் பலகையின் சாய்வுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இரண்டுக்கும் நடுவே சரிந்து நிற்பதால், நான்கு சக்கரமும் தரையை விடாமல் பலகை சாய வேண்டுமென்றால் ஆக்ஸில் திரும்பியே ஆக வேண்டும்.

எவ்வளவு திரும்பும் என்பதற்குப் பள்ளிக்கூட முக்கோணவியல் போதும். ஆக்ஸில் திரும்பும் கோணத்தின் டேன்ஜென்ட் என்பது, பலகை சாய்ந்த கோணத்தின் சைனை அச்சின் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கி வருவது. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் 70 செ.மீ. இடைவெளி உள்ள ஒரு லாங்போர்டை, அதாவது நீளமான ஸ்கேட்போர்டை, எடுத்துக்கொள்வோம். அதை 10 டிகிரி சாய்க்கிறோம். அச்சு தரையிலிருந்து 50 டிகிரியில் இருந்தால் போர்டு சுமார் 1.7 மீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கும். அச்சு 30 டிகிரி என்றால் அதே சாய்வுக்கு ஆரம் 3.5 மீட்டர். கடையில் 50 டிகிரி ட்ரக், 42 டிகிரி ட்ரக் என்று சொல்லி விற்பது இந்த எண்ணைத்தான். எண் கூடக்கூடத் திருப்பமும் கூடும்.

இந்த யோசனை ஸ்கேட்போர்டைவிட வயதானது. 1863இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் நான்கு சக்கர ரோலர் ஸ்கேட்டை வடிவமைத்தபோதே, சாய்ந்தால் சக்கரங்கள் திரும்பும்படியும், ரப்பர் மெத்தை அதைப் பழைய நிலைக்குத் தள்ளும்படியும் செய்துவிட்டார். நூறாண்டு கழித்து கலிஃபோர்னியாவில் பலகைக்கு அடியில் மாட்டப்பட்டவை அந்த வம்சத்து ரோலர் ஸ்கேட் ட்ரக்குகளே. 1970களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் சக்கரம் வந்து வேகம் கூடியதும் அவை தாக்குப்பிடிக்கவில்லை. 1975இல் ட்ராக்கர் நிறுவனம், 1978இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து இண்டிபெண்டன்ட் நிறுவனம் என்று ஸ்கேட்போர்டுக்கென்றே அகலமான ட்ரக்குகளை வார்த்தார்கள். தெருவில் இன்று காணும் ட்ரக்கின் உருவம் அவற்றிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை.

சரி, புஷ்ஷுக்கு வருவோம். அச்சின் கோணம் எவ்வளவு திரும்பும் என்பதைச் சொல்லும். எவ்வளவு பலம் கொடுத்தால் திரும்பும், காலை எடுத்ததும் எவ்வளவு வேகமாக நேராகும் என்பதை புஷ்தான் சொல்லும். சாயும்போது அதன் ஒரு பக்கம் நசுங்குகிறது. நசுங்க நசுங்க எதிர்ப்பும் ஏறிக்கொண்டே போகும். முதல் சில டிகிரி லேசாகவும் கடைசி டிகிரி கல் போலவும் இருப்பது இதனால்தான். நசுக்கிய சக்தி முழுவதும் திரும்பி வராது. ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். அது நஷ்டம் இல்லை, ஆட்டத்தை அடக்க அந்த இழப்பு வேண்டும்.

கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். 80ஐ ஒட்டியது மென்மை, 90 நடுத்தரம், 95க்கு மேல் கெட்டி. உங்கள் எடைதான் முதல் கணக்கு. தோராயமாக 60 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு 80களும், 60 முதல் 80 கிலோ வரை 90ஐ ஒட்டியதும், அதற்கு மேல் 95ஐ ஒட்டியதும் பொருந்தும். 50 கிலோ பையனுக்கு 90 என்பது கெட்டி, 90 கிலோ ஆளுக்கு அதுவே தளர்ச்சி. கடையிலிருந்து வரும் ட்ரக்கில் பெரும்பாலும் 90ஐ ஒட்டியதுதான் இருக்கும். வடிவமும் முக்கியம். நேர் உருளையாக இருப்பது கெட்டியாக நிற்கும், கூம்பாக இருப்பது சீக்கிரம் சாயும். பலகைப் பக்கம் உருளை, தரைப் பக்கம் கூம்பு என்பது வழக்கமான ஜோடி. கிண்ண வடிவ வாஷரைக் கழற்றிவிட்டுத் தட்டையான வாஷர் போட்டால்கூட வித்தியாசம் காலில் தெரியும், ஏனென்றால் கிண்ணத்தின் விளிம்பு புஷ்ஷைப் பிதுங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும்.

இங்கேதான் பலரும் கிங்பின் நட்டிடம் மாட்டிக்கொள்கிறார்கள். போர்டு ஆடுகிறதா? நட்டை இறுக்கு. இன்னும் ஆடுகிறதா? இன்னும் இறுக்கு. மென்மையான புஷ்ஷை அளவுக்கு மீறி இறுக்கினால் அது பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். சாய்வதற்கு முன்பே பாதி நசுங்கிவிட்டதால் நடுநிலையில் உயிரில்லாமல் கிடக்கும், கொஞ்ச நாளில் விளிம்பு வெடிக்கும். நட் நுண்மையான சரிக்கட்டலுக்கு மட்டும்தான், ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் புஷ்ஷையே மாற்ற வேண்டும். ஒரு ஜோடி புஷ்ஷின் விலை ட்ரக் விலையில் சிறு பங்கு. ட்ரக் சரியில்லை என்று புதிது வாங்கப் போகிறவர்களில் பலருக்கு அந்தச் சிறு செலவே போதும். டைட்டானியம் ஆக்ஸிலும் உள்ளீடற்ற கிங்பின்னும் சில கிராம்களைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு அது வீண் செலவு என்பது என் கட்சி.

இனி, எந்த ஓட்டத்துக்கு எது.

தெருவில் குதித்து, படி இறங்கி, சுவர் விளிம்பில் உரசுகிறவர்களுக்குப் பழைய பாணி ட்ரக். இதில் இரண்டு கிங்பின்களும் போர்டின் நடுவை நோக்கி இருக்கும். உயரம் குறைவு, திருப்பம் சட்டென்று வரும், அடி தாங்கும். அகலம் எளிது: ஆக்ஸிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையான நீளம் பலகையின் அகலத்துக்கு அருகில் இருக்க வேண்டும், கால் அங்குலம் கூடக்குறைய இருந்தால் பாதகமில்லை. இண்டிபெண்டன்ட் 139 என்பது 8 அங்குலப் பலகைக்கு, 149 என்பது 8.5க்கு. உரசும் வித்தைகளில் கிங்பின் நட் தரையிலோ கம்பியிலோ தட்டி நிறுத்திவிடும் என்பதால், கிங்பின் தலை தாழ்ந்த மாடல்களைத் தேடுகிறவர்களும் உண்டு.

உயரத்தைச் சக்கரத்தோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். நடுத்தர உயர ட்ரக்கில் 52, 53 மி.மீ. சக்கரம் நிம்மதியாக ஓடும். அதே ட்ரக்கில் 58 மி.மீ. சக்கரம் போட்டு, புஷ்ஷும் தளர்வாக இருந்தால், ஆழமாகச் சாயும்போது சக்கரம் பலகையின் அடியில் போய் முட்டும். சக்கரம் அந்தக் கணமே நின்றுவிடும், ஓட்டுபவர் நிற்கமாட்டார். பலகையின் அடிப்பக்கத்தில் வளைந்த கறுப்புத் தேய்மானம் தெரிந்தால் இது நடக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பேஸ்பிளேட்டுக்கும் பலகைக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குலத் தகடு வைத்தால் பெரும்பாலும் தீரும். பெரிய கிண்ணம் போன்ற தளங்களில் ஓட்டுகிறவர்கள் ஆரம்பத்திலேயே உயரமான, அகலமான ட்ரக் வாங்கிவிடுவார்கள்.

நீண்ட சாலையில் வளைந்து வளைந்து போகிற லாங்போர்டுக்காரர்களுக்குக் கிங்பின் வெளிப்பக்கம் பார்க்கும் ட்ரக். ஹேங்கர் 180 மி.மீ. அளவில் அகலமாக இருக்கும், கோணம் 50. சாய்வுக்கு ஏற்பத் திருப்பம் படிப்படியாக வரும்.

மலைச்சரிவில் இறங்குகிறவர்களின் கதை வேறு. பீட் கானலி என்ற பிரிட்டிஷ்காரர் 2017இல் கனடாவின் கியூபெக்கில் மணிக்கு 146.73 கி.மீ. வேகத்தில் நின்றபடி இறங்கினார். அந்த வேகத்தில் திரும்புவதைவிட நேராகப் போவதுதான் கஷ்டம். பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 10 கி.மீ.யில் கவனிக்கவே கவனிக்காத ஒரு டிகிரிச் சாய்வு, 40 கி.மீ.யில் பதினாறு மடங்கு பலத்தோடு ஆளைத் தள்ளும். உடம்பு அதை உணர்ந்து சரிசெய்யக் கால் நொடியோ கொஞ்சம் குறைவோ ஆகும். அதற்குள் போர்டு பல மீட்டர் போய்விடும், சரிசெய்த சாய்வு தாமதமாக வந்து அடுத்த பக்கம் இழுக்கும். இப்படி இடமும் வலமுமாகப் பெருகிக்கொண்டே போகும் ஆட்டத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஸ்கேட்போர்டின் நிலைத்தன்மைக்கு 1979இல் பொறியியலாளர் மான்ட் ஹப்பர்ட் சமன்பாடுகள் எழுதினார். 2016இல் ஹங்கேரி, இங்கிலாந்து ஆய்வாளர்கள் மனித எதிர்வினையின் தாமதத்தையும் அதில் சேர்த்துக் கணக்கிட்டு, போர்டின் நடுவுக்குச் சற்று முன்னால் நிற்பது நல்லது என்று காட்டினார்கள். சரிவில் இறங்குகிறவர்கள் முன்காலில் எடை போடுவது வீண் பழக்கமில்லை. அவர்கள் பின் ட்ரக்கின் கோணத்தையும் முன்னதைவிடக் குறைத்துக்கொள்வார்கள், பின் ஆக்ஸில் திரும்புவது ரிவர்ஸில் கார் ஓட்டுவது மாதிரி நிலைகுலையவைக்கும்.

பராமரிப்புக்கு வந்தால் பெரிய வேலை எதுவுமில்லை, ஆனால் ஸ்பேனர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு சிக்கல். ட்ரக் நட்டுகள் அங்குலக் கணக்கு. கிங்பின் நட் பதினாறில் ஒன்பது அங்குலம், அதாவது 14.3 மி.மீ. வீட்டில் இருக்கும் 14 நம்பர் ஸ்பேனர் உள்ளே போகாது. 15 நம்பர் போகும், ஆனால் வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஆக்ஸில் நட் அரை அங்குலம் என்பதால் 13 நம்பரை வைத்து ஒப்பேற்றலாம். கிங்பினுக்கு மட்டும் அங்குல ஸ்பேனரோ ஸ்கேட் டூலோ வாங்கிவிடுவது உத்தமம். இரண்டு நட்டிலும் உள்ளே நைலான் வளையம் இருக்கும். பலமுறை கழற்றி மாட்டினால் அதன் பிடி போய்விடும். கையால் திருகினாலே சுற்றுகிற நட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சாயும்போது கீச்சென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் பிவட் கப். கழற்றி, மணலைத் துடைத்து, கொஞ்சம் மெழுகோ சோப்புச் சீவலோ வைத்துப் பூட்டினால் அடங்கும். கிண்ணம் ஒரு பக்கம் தேய்ந்து ஹேங்கர் லொடலொடத்தால் கிண்ணத்தையே மாற்ற வேண்டும், விலை அற்பம். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசியைக் கூட்டிச் சேர்த்து உப்புக்காகிதமாக வேலை செய்யும்.

ஆக்ஸில் நட்டை முழுக்க இறுக்கினால் பேரிங் திணறும். இறுக்கிவிட்டு, சக்கரம் பக்கவாட்டில் இம்மியளவு ஆடும் வரை தளர்த்தினால் சரி. பலமான அடியில் சில நேரம் ஆக்ஸில் ஒரு பக்கமாக நழுவிவிடும், ஒரு சக்கரம் இறுகும், எதிர்ப்பக்கத்துச் சக்கரம் தொளதொளக்கும். அப்போது மரை கெடாதபடி நட்டை முனை மூடும் அளவுக்குத் திருகி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டி உள்ளே தள்ளலாம். திரும்பத் திரும்ப நழுவினால் அந்த ஹேங்கரை நம்ப வேண்டாம். கடலோர ஊர்களில் அலுமினியத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, எஃகு ஆக்ஸிலும் நட்டும்தான் துருவேறும். ஓட்டி முடித்துத் துணியால் துடைத்தால் போதும்.

உரசி ஓட்டுகிறவர்களின் ஹேங்கர் அடியில் தேய்ந்துகொண்டே வரும். தேய்மானம் தன்னளவில் கெடுதல் இல்லை, பள்ளம் விழுந்தால் விளிம்பில் நன்றாகப் பூட்டிக்கொள்ளும் என்று விரும்புகிறவர்கள்கூட உண்டு. அலுமினியம் கரைந்து உள்ளிருக்கும் எஃகு ஆக்ஸில் கோடாகத் தெரிய ஆரம்பித்ததும் புது ஹேங்கர் பார்க்கலாம். பேஸ்பிளேட்டில் கிங்பின் புறப்படும் இடத்தைச் சுற்றி முடி போன்ற விரிசல் தெரிந்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். வார்ப்பு அலுமினியம் வளைந்து எச்சரிக்காது, உடைந்துதான் போகும்.