பச்சையாய் ஒளிரும் கட்டி

கறிக்கடையில் ஈரலைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வழவழவென்று நழுவும், அழுத்தினால் நெளியும். நம் கல்லீரலும் அப்படித்தான். ஒன்றரைக் கிலோ எடை. ஒவ்வொரு மூச்சுக்கும் இடம் மாறும். சி.டி. ஸ்கேனில் கட்டி இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்தாலும், வயிற்றைத் திறந்து ஈரலைப் புரட்டியதும் அந்த வரைபடம் பொருந்தாமல் போய்விடும். அதனால்தான் அல்ட்ராசவுண்ட் கருவியை ஈரலின் மேலேயே வைத்துத் தேடுகிறார்கள்.

இதற்குத் துணையாக வந்தது ஒரு பழைய சாயம், இண்டோசயனின் கிரீன். அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி பெற்றது. ஊசியில் ஏற்றினால் ரத்தத்திலிருந்து இதை உறிஞ்சிக்கொள்வது கல்லீரல் மட்டுமே. அப்புறம் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். 15 நிமிடத்துக்குப் பிறகு ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து ஈரலின் திறனை அளப்பது வழக்கமாக இருந்தது. ஜப்பானில் இந்தச் சோதனை முடிந்து சில நாள் கழித்து அறுவைக்கு வந்தவர்களின் ஈரலை அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தபோது, கட்டி மட்டும் ஒளிர்ந்தது. 2009-ல் அதைப் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன.

காரணம் வேடிக்கையானது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய் செல்கள் பிறந்த வீட்டுப் பழக்கத்தை முழுக்க மறப்பதில்லை. சாயத்தை உள்ளே இழுக்கும். ஆனால் பித்தநீர் போகும் வழி குலைந்திருப்பதால் வெளியே தள்ளத் தெரியாது. நல்ல திசு சாயத்தைக் கழித்துவிட்டிருக்கும், கட்டி மாட்டிக்கொள்ளும். பெருங்குடலிலிருந்து பரவி வந்த கட்டியோ சாயத்தைத் தொடுவதே இல்லை. அது நெருக்குவதால் சுற்றியுள்ள ஈரலில் சாயம் தேங்க, வளையம் போலத் தெரியும்.

சாயம் உமிழ்வது சுமார் 830 நானோமீட்டர் ஒளி, நம் கண்ணுக்கு எட்டாதது. திரையில் தெரியும் பச்சை, கணினி பூசும் நிறம்தான்.

எந்தப் பகுதியை வெட்டுவது என்பதற்கும் இதே சாயம் உதவும். கட்டியுள்ள பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயை முதலில் இடுக்கியால் அடைத்துவிட்டு ஊசி போடுவார்கள். மற்ற இடமெல்லாம் பச்சையாக, அந்தப் பகுதி மட்டும் இருட்டாகும். அந்த எல்லையே வெட்டுக்கோடு. சுருங்கித் தழும்பேறிய ஈரலில் இது பெரிய வசதி. தேவைக்கு மேல் ஒரு துண்டும் போகக்கூடாது.

ஆனால் அதே தழும்பேறிய ஈரலில் புற்றில்லாத முடிச்சுகளும் ஒளிர்ந்து ஏமாற்றும். ஒளி ஊடுருவுவதும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே பதுங்கிய கட்டிக்கு, மறுபடி அல்ட்ராசவுண்டைத்தான் எடுக்க வேண்டும்.