ஜமாத் உதவியும் வாங்கலாம், மாதம் 1000 ரூபாயும் வாங்கலாம்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் பக்கம் ஜமாத்திடம் ஃபீஸுக்கு ஜகாத் உதவி கேட்கும் பெற்றோர் நிறைய. கிறித்தவக் குடும்பங்கள் பங்குத்தந்தையிடம் போவார்கள். கேளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

காலேஜில் சேரும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் திட்டங்கள் இரண்டு இருக்கின்றன. மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலுமே மாதம் 1000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கு நேராக வரும். டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுவானாலும் சரி, தபால் வழிப் படிப்புக்கு மட்டும் கிடையாது. மதம், சாதி, வருமானம் எதுவும் தடையில்லை, 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்பதுதான் கேள்வி. அரசுப் பள்ளி என்றால் பிரச்சினையே இல்லை. அரசு உதவிபெறும் பள்ளி என்றால் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். 2022இல் புதுமைப்பெண் தொடங்கியபோது உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை, 2024 கடைசியில்தான் சேர்த்தார்கள். நம் பக்கம் முஸ்லிம், கிறித்தவ நிர்வாகப் பள்ளிகளில் பல இந்த உதவிபெறும் வகைதான், அதனால் பழைய பேச்சைக் கேட்டு ‘நமக்கெல்லாம் வராது’ என்று விட்டுவிடாதீர்கள்.

புதுமைப்பெண்ணின் முழுப்பெயரில் இருக்கும், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ராமாமிர்தம் அம்மையாரின் மூவலூர், மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர். முன்பு அவர் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்தார்கள், அதைத்தான் படிப்புக்கு மாற்றினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் அது.

விண்ணப்பம் காலேஜ் வழியாகத்தான், அங்கே இதைக் கவனிக்கும் நோடல் ஆபீசர் யார் என்று முதல் வாரமே விசாரியுங்கள். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். ஆதாரில் ‘முகமது’, மார்க் ஷீட்டில் ‘முஹம்மது’, பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள், மாறியிருந்தால் அட்மிஷனுக்கு முன்பே திருத்திவிடுங்கள். அப்புறம், கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பேங்கில் கேளுங்கள்.

இதை வாங்கினால் பிற்படுத்தப்பட்டோருக்கான பி.சி. ஸ்காலர்ஷிப் போய்விடும் என்று சொல்கிறார்கள், அது தவறு. அந்த ஸ்காலர்ஷிப்புக்குத்தான் குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், விவரம் கலெக்டர் ஆபீஸிலுள்ள பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கிடைக்கும். ஆதிதிராவிடக் கிறித்தவப் பிள்ளைகள் ஆதிதிராவிடர் நலத்துறையில் கேட்க வேண்டும்.

ஜமாத், பங்கு நிர்வாகிகளே, உதவி கேட்டு வரும் பிள்ளையிடம் ‘மாதம் ஆயிரத்துக்குப் பதிந்துவிட்டாயாம்மா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உதவிபெறும் பள்ளியில் ஆங்கில வழியில் படித்ததால் இதில் வர முடியாத ஏழைப் பிள்ளைகளும் உங்கள் ஊரில் இருப்பார்கள், உங்கள் பணம் முதலில் அவர்களுக்குப் போகட்டும்.