ஒரு புள்ளிக்கு அரை நூற்றாண்டு

பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். முன்பெல்லாம் வருபவர்கள், "மயில் வரையக் கற்றுக்கொடுங்கள்" என்பார்கள். இப்போது, "மன அமைதிக்காக வந்திருக்கிறேன்" என்கிறார்கள். அதில் தவறில்லை. முதல் நாளே, வகுப்பு முடிவதற்குள் அந்த அமைதி கிடைத்துவிட வேண்டும் என்று நினைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

அண்மையில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சேர்ந்தார். வந்த அன்றே காம்பஸால் வட்டம் போட்டு, டியூபிலிருந்து கறுப்பைப் பிதுக்கி நிரப்பிவிட்டார். இருபது நிமிட வேலை. "ரஸாவின் பிந்து, சார். இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தியானம் கூடும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் கூடவில்லையே" என்றார்.

பிந்து என்றால் புள்ளி. ஓவியர் எஸ்.எச்.ரஸா 1922-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தில், காட்டை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவர். தந்தை வனத்துறை ஊழியர். பையனின் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று கண்ட பள்ளி ஆசிரியர், சுவரில் ஒரு புள்ளியை வைத்து அதையே பார்க்கச் சொன்னார். கதை பலருக்குத் தெரியும். அந்தப் புள்ளி கேன்வாஸுக்கு வந்து சேர எவ்வளவு காலமாயிற்று என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

1947-இல் பம்பாயில் சூசா, ஹுசேன் போன்ற ஓவியர்களோடு முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்குகிறார். அடுத்த ஆண்டு காஷ்மீரில் அவர் படங்களைப் பார்த்த புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸோன், படத்தில் கட்டுமானம் போதவில்லை, பிரெஞ்சு ஓவியர் செஸானின் படங்களைப் படியுங்கள் என்கிறார். 1950-இல் பாரிஸ் பயணம். பிறகு ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சுக் கிராமங்களும் கூரைகளும் தேவாலயங்களும். மெல்ல மெல்லக் கூரைகள் கரைந்து வண்ணம் மட்டும் மிஞ்சுகிறது. பெயரும் பரிசும் வந்த பிறகும் அவருக்கு நிறைவில்லை. 1980-ஐ ஒட்டித்தான் கறுப்பு பிந்து அவருடைய படங்களின் நடுவே வந்து உட்கார்கிறது. அப்போது வயது அறுபதை நெருங்கிவிட்டது. புள்ளியை நோக்கித்தான் போகிறோம் என்று தெரிந்து அவர் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஓவியத்தை ஆன்மிகப் பயிற்சி என்று சொல்லும்போது நான் நினைப்பது இந்தத் தெரியாமையைத்தான். என் அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த கேன்வாஸ்கள் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். நான் நினைத்த படம் வராமல் அடம்பிடிப்பவை. ஒரு வாரம் கழித்துத் திருப்பிப் பார்த்தால், கெடுத்துவிட்டதாக நினைத்த மூலைதான் உயிரோடு இருக்கும். நான் ஆசைப்பட்டு வரைந்த நடுப்பகுதியைக் கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும். அந்தச் சுரண்டல் வலிக்கத்தான் செய்யும். அமைதியை எதிர்பார்த்து வருபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊதுபத்தி ஏற்றி, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மூச்சைக் கவனித்தபடி தைலவண்ணம் தீட்டுகிறார்கள் சிலர். உள்ளே போவது, வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் ஆவி! தலைசுற்றலை ஞானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறியவும் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். கவனம் என்பது இதையும் சேர்த்துத்தான்.

ஓய்வுபெற்றவரிடம் கறுப்பு டியூபை வாங்கி வைத்துக்கொண்டேன். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் மட்டும் கொடுத்து, கறுப்பை நீங்களே கலந்து எடுங்கள் என்றேன். நீலம் கூடினால் குளிர்ந்த கறுப்பு, பழுப்பு கூடினால் சூடான கறுப்பு. ஒவ்வொன்றையும் காகிதத்தில் பட்டையாக இழுக்கச் சொன்னேன். நான்காவது பட்டையில் பேச்சு நின்றது. பதினொன்றாவதில் வகுப்பு நேரம் முடிந்ததையும் அவர் கவனிக்கவில்லை. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "சார், இதில் எது கறுப்பு?" என்றார்.

அடுத்த வாரம் இன்னொரு டியூப் நீலம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.