பவர்: சக்தியா, ஆற்றலா, திறனா, வலுவா?

எந்த மின்சாதனத்தை வாங்கினாலும் உடன் வரும் கையேட்டின் தமிழ்ப் பக்கத்தில் "சுத்தம் செய்யும் முன் சக்தியை அணைக்கவும்" என்ற வரி இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தமிழ்ப் பற்று உள்ளவராக இருந்தால் அதுவே "ஆற்றலை அணைக்கவும்" என்று ஆகியிருக்கும். சக்தியை அணைப்பது சிவபெருமானுக்கு மட்டுமே உரிய செயல். துணி துவைக்கும் இயந்திரத்தின் முன் நிற்கும் குடும்பத்தலைவருக்கு அது தேவையில்லை; சுவிட்சை நிறுத்தி, இணைப்பைக் கழற்றினால் போதும். கையேட்டுக்காரர் சொல்ல வந்ததும் அதுதான். ஆனால் 'பவர்' என்ற சொல்லைக் கண்டவுடன் 'சக்தி' என்று கை தானாக எழுதிவிடும் பழக்கம் அவரையும் விடவில்லை, செய்தி எழுதுபவர்களையும் விடவில்லை, அண்மைக்காலமாகப் பாடநூல் துணைநூல்களையும் விடவில்லை.

சொல்லின் பிறப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் 'இயலுதல்' என்று பொருள்படும் 'போஸ்ஸே' என்னும் வினை, பேச்சு இலத்தீனில் வடிவம் மாறி, பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்தில் நுழைந்தது. செய்ய முடிதல் என்பதே அதன் வேர்ப்பொருள். வடமொழிச் 'சக்தி'யின் வேரும் 'இயலுதல்' என்பதே. நம் 'வல்' என்னும் வேரும், 'ஆற்று' என்னும் வினையும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கின்றன. ஆகவே வேர்ச்சொல்லைக் காட்டி இதுதான் சரி, அது தவறு என்று வாதிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு துறையிலும் இன்று அச்சொல் எந்தப் பொருளுக்கு வழங்குகிறது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

இயற்பியலில் அதன் பொருளில் ஐயத்துக்கு இடமில்லை. ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவே பவர். அதன் அலகு வாட். வேலையைச் செய்வதற்கு உள்ள இருப்பு வேறு. அதைத்தான் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆற்றல் என்றும் இலங்கைப் பாடநூல்கள் சக்தி என்றும் சொல்கின்றன. அதன் அலகு ஜூல். இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதை மின்கட்டண அட்டையே காட்டிவிடும். 2 கிலோவாட் வெந்நீர்க் கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டால் 1 யூனிட் ஏறும். அந்த 2 கிலோவாட் என்பது கருவியின் பவர். 1 யூனிட் என்பது, அதாவது 36 இலட்சம் ஜூல் என்பது, செலவான ஆற்றல். மின்வாரியம் நம்மிடம் காசு வாங்குவது பெரும்பாலும் இரண்டாவதற்கு. இரண்டுக்கும் 'சக்தி' என்றே எழுதினால், கருவியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணுக்கும் கட்டண அட்டையில் வரும் எண்ணுக்கும் உள்ள உறவை வாசகர் எந்தக் காலத்திலும் புரிந்துகொள்ளப் போவதில்லை.

இந்தக் குழப்பம் செய்திகளில் நாள்தோறும் வருகிறது. ஒரு மின் நிலையம் "நாளொன்றுக்கு 1000 மெகாவாட் மின்சக்தியை உற்பத்தி செய்கிறது" என்று எழுதுகிறார்கள். மெகாவாட்டுக்கு நாள் கணக்கு கிடையாது. ஒரு நொடியில் நடப்பது என்ற கணக்கு அந்த அலகுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அணு உலை ஒன்று முழு அளவில் நாள் முழுதும் ஓடினால் கிடைப்பது 2 கோடியே 40 இலட்சம் யூனிட். "நாளொன்றுக்கு" என்று எழுத வேண்டுமானால் இந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். எழுதுபவரின் கணக்கறிவு குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இரு வேறு அளவுகளுக்கு ஒரே சொல்லை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேறுபாட்டை அவரே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

'சக்தி' வடசொல் என்பதால் நான் அதை எதிர்க்கவில்லை. அணுசக்தி, எரிசக்தி ஆகியவை நிலைபெற்றுவிட்ட சொற்கள். அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டிய தேவை இல்லை. ஆனால் அந்தச் சொற்களில் சக்தி என்பது ஆற்றலைத்தான் குறிக்கிறது, பவரை அன்று. தனித்தமிழ் ஆர்வலர்கள் இங்கே இன்னொரு தவற்றைச் செய்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் எங்கெல்லாம் 'சக்தி' இருக்கிறதோ அங்கெல்லாம் 'ஆற்றல்' என்று மாற்றிவிட்டால் மொழி தூய்மையாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். "இந்த ஆலையின் ஆற்றல் 500 மெகாவாட்" என்று எழுதுவதில் சொல் மட்டும் தமிழ். பிழை அப்படியே இருக்கிறது.

அப்படியானால் பவருக்கு உரிய சொல் எது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'திறன்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'வலு' என்கின்றன. தமிழ்நாட்டில் படித்தவன் என்பதால் எனக்குத் 'திறன்' பழகிய சொல். ஆனாலும் 'வலு'வே மேல் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

'திறன்' என்ற சொல்லின் மேல் நாம் ஏற்றியிருக்கும் சுமை மிக அதிகம். திறன் மேம்பாட்டுப் பயிற்சி என்றால் அது தொழிற்பயிற்சி. செயல்திறன் என்றால் வேலையை நன்றாகச் செய்தல். கொள்திறன் என்றால் கொள்ளளவு. திறன்பேசி என்றால் கையில் இருக்கும் தொலைபேசி. மாற்றுத்திறனாளி என்ற சொல்லிலும் அதுவே இருக்கிறது. இவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டாலும், இயற்பியலுக்குள்ளேயே வரும் சிக்கலை விட முடியாது. ஓர் இயந்திரம் தனக்குக் கொடுக்கப்பட்டதில் எத்தனை பங்கைப் பயனாகத் திருப்பித் தருகிறது என்பதையும் நம் பாடநூல்கள் பயனுறுதிறன் என்று திறனாகவே சொல்கின்றன. "திறன் குறைந்த மோட்டார்" என்று ஒருவர் எழுதினால் என்ன பொருள் கொள்வது? 5 எச்.பி.க்குப் பதில் 3 எச்.பி. மோட்டாரா, அல்லது 5 எச்.பி.யாகவே இருந்து மின்சாரத்தை வீணடிக்கும் மோட்டாரா? முன்னது கிணறு ஆழமில்லாத விவசாயிக்கு ஏற்றது. பின்னது யாருக்கும் ஆகாதது. பயன்பாட்டில் இத்தனை எதிரெதிரான இரண்டு பொருள்களை ஒரே தொடர் சுமக்கிறது என்றால், கலைச்சொல் என்ற நிலையில் அது தோற்றுவிட்டது என்றே பொருள்.

இலங்கை வழக்கில் இந்த இடர் இல்லை. அங்கே விசை, சக்தி, வலு என்று மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. வீணடிக்காமல் வேலை செய்வதற்கு வினைத்திறன் என்ற சொல் இருக்கிறது. "வலு குறைந்த மோட்டார்", "வினைத்திறன் குறைந்த மோட்டார்" என்று எழுதிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. மின்வலு, வலுக்காரணி (பவர் ஃபேக்டர்), பரிவலு (ஹார்ஸ் பவர், அதாவது எச்.பி.) என்று கூட்டுச்சொற்களும் சிறிதாக, வாயில் இடறாமல் அமைகின்றன. குதிரைத்திறன் என்றால் குதிரை ஏதோ வித்தை காட்டுவது போல எனக்குத் தோன்றும். பரிவலு என்றால் அதன் உடல் வலிமைதான் நினைவுக்கு வரும். ஜேம்ஸ் வாட் அந்த அலகை வகுத்தபோது கணக்கிட்டதும், ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் குதிரையின் உழைப்பைத்தான். அது இன்றைய அளவில் 746 வாட். கிணற்று மோட்டாரின் தகட்டில் 5 எச்.பி. என்றும் 3.7 கிலோவாட் என்றும் பக்கத்தில் பக்கத்தில் பொறித்திருப்பார்கள். இரண்டும் ஒரே வலுவின் இரண்டு அளவுகள்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. வலு என்றால் உறுதி என்ற பொருள் வருமே, வலுவான கயிறு என்கிறோமே என்பார்கள். பொருள்களின் உறுதிக்கு வலிமை என்ற சொல் தனியே இருக்கிறது. அதோடு, "எழுந்து நிற்க வலு இல்லை" என்று காய்ச்சலில் கிடந்தவர் சொல்லும்போது அவர் பேசுவது செயலுக்கான இயலுமையைப் பற்றியே. வலியறிதல் என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. செயலின் வலி, தன் வலி, பகைவனின் வலி, துணைவரின் வலி என்று நான்கையும் எடைபோட்டுப் பார்க்கச் சொல்கிறது அது. அந்த 'வலி' இன்று நோவுக்குப் போய்விட்டது. அதன் உடன்பிறப்பான 'வலு' நல்லவேளையாக இன்னும் நம்மிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் "வலு கெதியாய் வந்திட்டான்" (மிக விரைவாக வந்துவிட்டான்) என்று 'மிகவும்' என்னும் பொருளிலும் அது வழங்குகிறது.

இரண்டாவது மறுப்பு, அது இலங்கைச் சொல் என்பது. இதை மறுப்பு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. 1950களிலும் 60களிலும் இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகக் கலைச்சொற் பட்டியல்களை வெளியிட்டது. அங்குள்ள மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அச்சொற்களில் உயர்தர இயற்பியல் வரை படித்திருக்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்து புதுச்சொல் ஆக்குபவர்கள் பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு முறையாவது எட்டிப் பார்த்துவிட்டு ஆக்கினால் பாதி வேலை மிச்சமாகும்.

அதற்காக இலங்கை வழக்கு எல்லா இடத்திலும் சரி என்று நான் சொல்லமாட்டேன். கணிதத்தில் 2-ஐ ஐந்து முறை பெருக்கி 32 பெறுவதையும் அங்கே 'வலு' என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லாக்கிய வேலை இது. ஓர் எண்ணின் தோள்மேல் இன்னோர் எண் ஏறி நிற்பதைப் பார்த்து 'அடுக்கு' என்று தமிழ்நாட்டில் வைத்த பெயர் எவ்வளவோ மேல்.

கண்ணாடிக் கடையில் கேட்கும் 'பவர்' வேறொரு வேடிக்கை. வில்லையின் குவியத் தொலைவை மீட்டரில் எடுத்து, 1-ஐ அதனால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. குவியத் தொலைவு அரை மீட்டர் என்றால் 2 டையாப்டர். "பவர் கூடிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் கூடியது கண்ணாடிக்கு, குறைந்தது கண்ணுக்கு. "அவருக்குப் பார்வைச் சக்தி அதிகரித்தது" என்று ஒரு தமிழாக்கத்தில் படித்தபோது, அந்த மனிதருக்காக மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை.

தமிழுக்குப் பொதுச்சொல் தேவைப்படாத இடங்களே மிகுதி. பவர் என்பதைப் பெயர்க்காமலே காரியத்தை முடித்தவர்கள் நம் முன்னோர். அனல் மின் நிலையம், புனல் மின் நிலையம் என்பவற்றில் 'மின்' என்ற ஒற்றை அசையே போதுமானதாக இருந்தது. கையால் ஓட்டுவது கைத்தறி, மோட்டாரால் ஓடுவது விசைத்தறி. சோமனூரிலும் பல்லடத்திலும் குமாரபாளையத்திலும் யாரும் அதைச் சக்தித்தறி என்று சொல்லிப் பார்த்ததில்லை. பணபலம், ஆள்பலம், படைபலம் என்று வரும்போது 'பலம்' வந்து நின்றது. 'வில் பவர்' என்பதற்கு மன உறுதி என்று சொன்ன இடத்தில் எதுவுமே தேவைப்படவில்லை.

அரசியலிலும் அப்படியே. தேர்தலில் வென்ற கட்சி ஆட்சிக்கு வரும், ஆட்சியைப் பிடிக்கும். "அதிகாரத்திற்கு வந்தது" என்று இப்போது எழுதுவது ஆங்கிலத் தொடரின் மேல் தமிழ்ச் சொற்களைப் பரப்பிய வேலை. ஆட்சியும் அதிகாரமும் வேறு வேறு என்பது மேடைத் தமிழுக்கு நன்றாகவே தெரியும். இல்லாவிட்டால் "ஆட்சியிலும் அதிகாரத்திலும் பங்கு" என்ற முழக்கம் பிறந்திருக்காது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து பேசப்படும் காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம், அதிகாரப் பகிர்வு ஆகியவற்றில் அதிகாரம் மிகச் சரியாகப் பொருந்துகிறது. அங்கே பேசப்படுவது சட்டம் தரும் உரிமை. நாடுகளைக் குறிக்கும்போது வல்லரசு என்ற அருமையான சொல் இருக்க, "ஐரோப்பிய சக்திகள்" என்று வரலாற்று நூல்களில் எழுதுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் அணியை 'அச்சு நாடுகள்' என்று பெயர்த்தவர்கள் பவர் என்ற இடத்தில் 'நாடுகள்' என்று போட்டுவிட்டுப் போனார்கள்; ஒன்றும் குறைந்துவிடவில்லை. அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டை 'அணுசக்தி நாடு' என்பது இன்னும் மோசம். அணுமின் நிலையம் நடத்தியும் குண்டு வைத்திராத ஜப்பானை அப்போது என்னவென்று சொல்வது? அணு ஆயுத நாடு என்று எழுதினால் ஐயம் தீர்ந்தது.

சட்டத்தில் இச்சொல் படும்பாடு தனிக்கதை. சொத்துக்காரர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் ஆவணத்தைத் தமிழ்நாட்டில் "பவர் எழுதிக் கொடுத்தார்", "பவர் பத்திரம்" என்கிறார்கள். பதிவுத்துறையில் பொது அதிகார ஆவணம். இலங்கையில் அற்றோணித் தத்துவம். அங்கே சட்டத்தமிழில் ஆணைக்குழுக்களுக்கும் சபைகளுக்கும் உள்ள அதிகாரங்களையே 'தத்துவங்கள்' என்பார்கள். மெய்யியலில் பழகிய காது முதலில் திகைக்கும். இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 'பவர் ஆஃப் அட்டர்னி' என்ற ஆங்கிலப் பெயருக்குக் கணினி தரும் தமிழாக்கத்தை நம்பி "வழக்கறிஞரின் அதிகாரம்" என்று எழுதுகிறார்கள். அந்த ஆவணத்தில் வழக்கறிஞருக்கு வேலையே இல்லை. குறிக்கப்படுபவர் முகவர், அவர் சொத்துக்காரரின் தம்பியாகவும் இருக்கலாம், மனைத் தரகராகவும் இருக்கலாம். இந்தப் பிழையைச் சிறியது என்று தள்ள முடியாது. பவரை வைத்துக்கொண்டு மனை வாங்கியதாக நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொது அதிகார ஆவணத்தால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துபோகும். செயல்படும் உரிமையே தரப்படுகிறது, பொருள் தரப்படவில்லை என்பதை 'அதிகார ஆவணம்' என்ற பெயர் சொல்லிவிடுகிறது.

கடைசியாக, பையில் வைத்துக்கொண்டு திரியும் பவர் பேங்க். இதற்கு 'ஆற்றல் வங்கி', 'சக்தி வங்கி' என்று இரண்டு பெயர்கள் உலவுகின்றன. இரண்டிலும் கடன் கேட்டுப் போகலாம் போலிருக்கிறது. 'மின்தேக்கி' என்று சொல்லலாம் என்பாரும் உண்டு. அது மின்விசிறிக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்கு எப்போதோ கொடுத்துவிட்ட பெயர், இரண்டாவது முறை கொடுக்க முடியாது. மின்கலம் என்றால் உள்ளே இருக்கும் கலத்தை மட்டும் குறிக்கும். கை மின்சேமிப்பி என்று எழுதினால் பொருளும் விளங்கும், வேறு எதனோடும் மோதவும் மோதாது. அது நாவில் ஏறும் வரையில் பவர் பேங்க் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம், வங்கி மட்டும் வேண்டாம்.