வெஸ்டர்ன்: மேற்கத்தியமா, வன்புலமா?

அண்மையில் ஒரு திரைப்பட விழாக் கையேட்டில் ‘மேற்கத்தியப் படங்கள்’ என்ற தலைப்பைப் பார்த்து, பிரெஞ்சுப் படங்களாக இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டினால், தொப்பியும் துப்பாக்கியுமாக டெக்சஸ் ஆட்கள் நிற்கிறார்கள். ‘வெஸ்டர்ன்’ என்ற கதைவகையின் பெயரை இப்படிப் பெயர்ப்பதை இன்னும் எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது?

வெஸ்ட் என்றால் மேற்கு. இங்கே அது மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் விரிந்த அமெரிக்க நிலம். அவ்வளவே.

ஆனால் தமிழில் ‘மேற்கத்திய’ என்பது மேற்கத்திய இசை, மேற்கத்திய உடை என்று ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஒருசேரக் குறித்துப் பழகிய சொல். அதையே ஒரு கதைவகைக்கும் சூட்டினால், மேற்கத்தியப் படங்களுள் மேற்கத்தியப் படம் எது என்று கேட்க வேண்டிய நிலை வரும். திசை இங்கே பெயரளவுக்குத்தான். இவ்வகையின் முன்னோடியான ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ (1903) பெரும்பாலும் கிழக்குக் கரையிலுள்ள நியூ ஜெர்சியில் எடுக்கப்பட்டது. 1960களில் இத்தாலியர்கள் ஸ்பெயினின் அல்மேரியாவில் எடுத்துக் குவித்தார்கள். ‘எல்லைப்புறப் படம்’ என்பாரும் உளர். அதைக் கேட்டால் நமக்கு இராணுவச் சாவடிதான் நினைவுக்கு வரும். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி மறைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட, ஆங்கிலத்தில் ‘ஃபிரான்டியர்’ எனப்படும் அந்த எல்லை, இரு நாடுகளின் கோடு அன்று. வெள்ளையர் குடியேற்றத்தின் விளிம்பு. பூர்வகுடிகளுக்கோ அது விளிம்பே அன்று, வீடு.

சங்கப் பாடல்கள் ஏருக்கு இணங்கும் வயலை மென்புலம் என்றும், காடும் மேடுமாகிய நிலத்தை வன்புலம் என்றும் பிரித்துப் பேசின. இக்கதைகளின் உயிர் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. 1874இல் கிளிடன் என்ற விவசாயி முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றபின், மந்தைகள் தடையின்றி நடந்த புல்வெளிகள் துண்டு துண்டாயின. வேலிக்கு உள்ளே சட்டமும் பள்ளிக்கூடமும் வந்தன. அவை வருவதற்காகத் துப்பாக்கி எடுத்தவனுக்கு அங்கே நாற்காலி இல்லை. அவன் வாசலோடு நின்று, குதிரையைத் திருப்பிக்கொண்டு போகும் காட்சி நம்மைப் பிடித்து உலுக்குவது இதனால்தான். ‘மேற்கத்திய’ என்ற அடைமொழியில் இதில் ஒரு துளியேனும் இருக்கிறதா?

ஆகவே எழுத்தில் ‘வன்புலக் கதை’ என்பேன். பழஞ்சொல் மிரட்டுகிறது என்போர், ஜெய்சங்கர் குதிரையேறிய காலத்திலிருந்து நாம் சொல்லிவரும் ‘கௌபாய் படம்’ என்பதையே எழுதட்டும். மாடு மேய்க்காத ஷெரீப் என்ற காவல் அதிகாரியும் வழிப்பறிக்காரனும் அதில் அடங்கமாட்டார்கள் என்றாலும், கேட்டவுடன் இன்ன படம் என்றாவது விளங்கும்.